பகல் தூக்கத்திற்கு ஒரு பஸ்

1952 மார்ச் 12, புதன்கிழமை. இரவுப் பணி முடிந்து காலை ஏழு மணிக்கு வார்டை விட்டு வெளியே வந்தேன். கஞ்சி, குளியல், சீருடையை ஊற வைத்தல், படுக்கை. மலாக்காவில் தாதிப் பயிற்சியில் இருந்த எங்களுக்கு அந்த மாதம் முழுவதும் இதுதான் வரிசை. மாலை நான்கு வரை கட்டிலை விட்டு எழக்கூடாது.

இரவுப் பணிப் பெண்களுக்கு விடுதி மாடியில் தனி அறைகள். சன்னலுக்குக் கறுப்புத் துணி. நடைவழியில் செருப்புச் சத்தம் கேட்கக்கூடாது. எல்லோரும் விரும்பிய அந்த அமைதியில் எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் ஒரே அறையில் ஒன்பது பேராகப் படுத்து வளர்ந்தவள் நான். அவசரகாலத்தில் லயத்தைச் சுற்றி முள்வேலி போட்ட பிறகு, காவலாளி மணிக்கொரு முறை இரும்பைத் தட்டுவார். அதற்கும் பழகியிருந்தேன். விடுதியில் என் மூச்சே வேறு யாரோ விடுவதுபோலக் கேட்டது.

தூங்காத நாட்கள் ஒன்றோடொன்று கலந்துபோயின. தரை பஞ்சுபோல அமுங்கும். காய்ச்சல் பார்த்துவிட்டுத் திரும்பினால் எண் மறந்துவிடும்; மறுபடியும் பார்ப்பேன். ஒருநாள் கரண்டி கீழே விழுந்ததற்கு அழுதேன். நாற்காலியில் கண்ணயர்ந்து இரண்டு முறை பிடிபட்டேன். இன்னொரு முறை நடந்தால் எஸ்டேட்டுக்கே திரும்பிப் போகலாம் என்று வார்டு சிஸ்டர் சொல்லிவிட்டார்.

அதன்பிறகுதான் பஸ்ஸைக் கண்டுபிடித்தேன். எதற்கோ ஏறியவள் உட்கார்ந்ததும் தூங்கிப்போனேன். அன்றிலிருந்து யாருக்கும் தெரியாமல் காலை பஸ்ஸில் கோலா சுங்கை பாரு வரை போய், அதிலேயே திரும்பி வருவேன். கோழிக்கூடை, கருவாட்டு வாசனை, யாரோ யாரையோ ஏசும் குரல். கண்ணை மூடினால் பஸ் கடலுக்குள் இறங்கி மெல்ல மிதக்கும். மீன்கள் சன்னலோரம் வந்து மலாயில் விலை கேட்கும்.

"மிஸ்ஸி, நீங்க டிக்கெட்டு வாங்குறது பஸ்ஸுக்கா, பாய் தலகாணிக்கா?" என்பார் கண்டக்டர் அண்ணன்; அங்கே தாதிகளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தப் புதன்கிழமை வழியில் தங்கா பத்து என்ற ஊரில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. காட்டுக்குள் ஒளிந்து சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்ற சோதனை. எல்லோரும் இறங்கிய சத்தம் எனக்குக் கனவில் கேட்பதுபோல் இருந்தது.

"அந்தப் பொண்ண எழுப்புய்யா" என்றது ஒரு போலீஸ்காரரின் குரல்.

"ஆஸ்பத்திரி மிஸ்ஸி சார். ராத்திரி பூரா முழிச்சிட்டு வந்திருக்கு. கடைசியா எழுப்பலாம்லா" என்றார் கண்டக்டர்.

கடைசியாகத்தான் எழுப்பினார்கள். என் கூடையில் ஒரு துண்டு மட்டுமே இருந்தது. ஆனால் பஸ் நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டது.

விடுதிக்கு வந்தபோது, விடுதிப் பொறுப்பிலிருந்த யாழ்ப்பாணத்து சிஸ்டர் என் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க போனனீர்?"

"பஸ்ஸுல தூங்கப் போனேன், சிஸ்டர்."

"கட்டில் கிடக்க, பஸ்ஸிலையோ நித்திரை?"

"இங்க சத்தமே இல்ல சிஸ்டர். செத்துப்போயிட்ட மாதிரி இருக்கு. ராத்திரி மறுபடியும் தூங்கி விழுந்தேன்னா என்னைய அனுப்பிருவாங்க."

 அவர் சிரித்துவிட்டார்.

"மற்றப் பிள்ளையள் சத்தமெண்டு முறைப்பாடு. உமக்குச் சத்தம் இல்லையெண்டு முறைப்பாடு! கீழ, குசினிக்குப் பக்கத்தில ஒரு அறை கிடக்கு. சட்டி பானைச் சத்தமெண்டு ஒருத்தருக்கும் வேண்டாமாம். நாளைக்கு வந்தவுடன அங்க மாறும். இனி பஸ் ஏறினால் மேட்ரனிட்டச் சொல்லிப்போடுவன்."

அன்றிரவு நாற்காலிப் பக்கமே போகவில்லை. வார்டின் சுவர்கள் அலைபோல ஏறி இறங்கின. நான் நின்றுகொண்டே விடியவைத்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, தலையில் இருந்த தொப்பியைக்கூடக் கழற்றாமல், மெத்தையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் இறங்கினேன்.