சீமை எலியும் கழுவாத சேலையும்

சுத்தம் என்று வந்துவிட்டால் அந்த நாட்களில் என்னிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். எழுபதுகளின் நடுவில், இலங்கையில் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. எனக்கு வயது இருபத்தாறுதான். ஆனாலும் அந்த வேலையில் இருப்பவளை எல்லோரும் ஆயம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், வயதில் மூத்தவர்களும்கூட. தரையை இரண்டு வேளையும் பினாயில் ஊற்றிக் கழுவுவேன். தொட்டில் துணிகளைச் சவர்க்காரம் போட்டுக் கொதிநீரில் அவிப்பேன். பார்வையிட வந்த டாக்டரையா ஒருமுறை, "பதுளை பெரியாஸ்பத்திரி வார்டு மாதிரி வச்சிருக்கீங்களே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், அதன் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எனக்குப் பக்கத்துக் காம்பராவில் இருந்த குடும்பம் ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகும் நாள் வந்தது. அந்த வீட்டில் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி. அவள் ஒரு சீமை எலி வளர்த்தாள். புத்தகத்தில் அதற்குக் கினிப்பன்றி என்று பெயர் இருப்பதைப் பிறகுதான் படித்தேன். பங்களாத் தோட்டத்தில் வேலை செய்த அவளுடைய அப்பாவுக்கு, ஊருக்குத் திரும்பிப் போன துரையின் பிள்ளைகள் கொடுத்துவிட்டுப் போனது அது. சீமையிலிருந்து வந்தவர்கள் வளர்த்ததால் சீமை எலி. வால் கிடையாது. பாதி பழுப்பு, பாதி வெள்ளை. யாராவது கீரை ஆயும் சத்தம் கேட்டால் போதும், வீக் வீக் என்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தும்.

கப்பலில் அதைக் கொண்டுபோக முடியாது என்று அவளுடைய அப்பா சொல்லிவிட்டார். புறப்படுகிற வியாழக்கிழமை காலையில், சவர்க்காரப் பெட்டியோடு அதைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள்.

"ஆயம்மா, இத்தன புள்ளைங்கள பாக்குறீங்கல்ல. இதையும் பாத்துக்கங்க. போய்ச் சேந்ததும் கடுதாசி போடுறேன். இது சாப்புடுதான்னு மட்டும் எழுதுங்க, போதும்."

பதுளை ஸ்டேசனுக்குப் போகும் லொறியில் ஏறிய பிறகும் அவள் அழவில்லை. லொறி வளைவில் திரும்பும்வரை என் கையிலிருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தபோது, அந்தப் பிள்ளையின் பார்வைதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. இதற்கு ஒரு குறையும் வரவிடக் கூடாது என்று மனதுக்குள் சத்தியமே செய்துகொண்டேன்.

சத்தியம் செய்தவள் சும்மா இருப்பேனா? பெட்டியைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் நாற்றம். இந்த நாற்றத்தில் ஒரு உயிர் இருக்கலாமா என்று எனக்குப் பொறுக்கவில்லை. தொழிற்சாலையில் கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து, தோட்டத்து ஆசாரியிடம் கொடுத்து, முன்பக்கம் கம்பிவலை அடிக்கச் சொன்னேன். நல்ல பெரிய கூடு. பழையதைவிட மூன்று மடங்கு இருக்கும்.

எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் காம்பராவைக் காலி செய்துவிட்டுப் போனால், அடுத்து வருகிறவர்கள் போனவர்கள் விட்டுப்போன ஓட்டை உடைசலையும் துணிமணியையும் வெளியே கூட்டித் தள்ளி எரிப்பார்கள். பிறகு சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, தரையை மெழுகி, சாம்பிராணி போட்டு, பால் காய்ச்சித்தான் குடிபோவார்கள். நானும் அந்தச் சீமை எலிக்கு ஒன்றுவிடாமல் அப்படியே செய்தேன். சவர்க்காரப் பெட்டியையும் அதற்குள் கிடந்த காய்ந்த புல்லையும் குழியில் போட்டு எரித்தேன். புதுக் கூட்டுக்குள் சுண்ணாம்பு அடித்தேன். காய்ந்ததும் பினாயில் போட்டுத் துடைத்தேன். சாம்பிராணி பிடித்தேன். பால் மட்டும்தான் காய்ச்சவில்லை. அடியில் பழைய பத்திரிகைத் தாளை மடிப்புக் கலையாமல் விரித்து, அதை உள்ளே விட்டு, கூட்டைப் பிள்ளைக் காம்பராவின் பின் தாழ்வாரத்தில் வைத்தேன். தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

அது ஒரு மூலையில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்ததுதான். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் வைத்த கோவா, அதாவது முட்டைக்கோஸ் இலை, வைத்தபடியே கிடந்தது. கரட் வாங்கிவந்து சிறிதாக நறுக்கி வைத்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் போய் வேண்டுமென்றே கீரையைச் சலசலவென்று ஆய்ந்தேன். வீக் என்ற சத்தம் வரவே இல்லை. சனிக்கிழமை காலையில் கையில் எடுத்தபோது, ரோமத்துக்குள் எலும்பு விரலில் தட்டுப்பட்டது. கடல் தாண்டி ஒரு பிள்ளை கடிதம் போடப் போகிறாள், அவளுக்கு நான் என்ன எழுதுவேன்?

இந்த இடத்தில் இன்னொருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கும் அவளுக்கும் ஆகாது. மேல் லயத்திலிருந்து கொழுந்துக்கு வருகிறவள், ஐந்து மாதப் பெண்குழந்தைக்காரி. பிள்ளைக் காம்பராவில் இருந்த குழந்தைகளில் அவளுடையதுதான் ஓயாமல் அழும். தூக்கினால் அழும், தொட்டிலில் போட்டால் உயிர் போவதுபோல் அழும். ஒவ்வொரு தாயும் தன் பழைய சேலை ஒன்றைத் தொட்டிலுக்கென்று கொடுத்துவைப்பாள். நான் மாலையில் எல்லாவற்றையும் அவித்துக் காயப்போட்டு மறுநாள் கட்டுவேன். இவள் மட்டும் வந்த முதல் வாரத்திலேயே, "ஆயம்மா, எஞ் சேலய மட்டும் கழுவாதீங்க. நான் கட்டி அவுத்தத அப்புடியே கொண்டாறேன்" என்றாள். "இது உன் வீட்டு அடுப்படி இல்ல புள்ள" என்று பத்துப் பேர் முன்னால் அவள் வாயை அடைத்தேன். பிறகும் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை அழுக்கி என்றே சொல்லிவிட்டேன். அதன்பின் என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள். பால் கொடுக்க வருவாள், கொடுப்பாள், போவாள்.

சனிக்கிழமை பகல் அவள் பால் கொடுக்க வந்தபோது நான் தாழ்வாரத்தில் கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்தேன். அழுதுகொண்டிருந்தேன் என்றே சொல்லிவிடலாம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். குனிந்து கூட்டை மோந்தாள்.

"எத்தன நாளாச்சுங்க சாப்புட்டு?"

"மூணு நாளு."

"இதோட பழைய பெட்டி எங்க?"

"எரிச்சிட்டேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அது வேண்டியதுதான். அவளோ, "கொழுந்து நிறுத்துட்டு வர்றேன், இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பக்கத்துக் காம்பரா காலியானதும் அதை அவளுக்குத்தான் கொடுத்திருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. அதுவரை மாமியார் வீட்டில் ஏழு பேரோடு ஒரே காம்பராவில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தவள். ஞாயிற்றுக்கிழமைதான் வேலை இல்லாத நாள் என்பதால், கூட்டி எரிப்பதையும் சுண்ணாம்பு அடிப்பதையும் மறுநாளுக்கு வைத்திருந்தாள். ஒரே ஒரு நாள் முந்தியிருந்தால் போனவர்கள் விட்டுப்போனது எல்லாம் சாம்பலாகியிருக்கும்.

மாலையில் கொழுந்துக் கூடையை நிறுவைக் கொட்டகையான மடுவத்தில் இறக்கிவிட்டு, முகம்கூடக் கழுவாமல் வந்தாள். கையில் ஒரு சாக்குத் துண்டு. புல்லும் புழுக்கையும் ஒட்டி, கறை பிடித்து, கெட்ட நாற்றம் நாறியது.

"அடுப்பு மூலையில கெடந்துச்சுங்க. அந்தப் புள்ள சமைக்கிறப்ப இத இதுலதான் படுக்கப் போட்டுருக்கும்போல. ரோமமெல்லாம் ஒட்டியிருக்கு பாருங்க."

நான் விரித்த தாளை எடுத்து எறிந்தாள். சாக்கை மூலையில் குவித்து, நடுவில் ஒரு குழி மாதிரி செய்தாள். மேலே தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்துக் கூட்டைப் பாதி மூடினாள். "வெளிச்சமா வேற வச்சிருக்கீங்க" என்றாள். அவ்வளவுதான். என்னைக் குறை சொல்லி அன்று அவள் சொன்னது அந்த ஒன்றுதான்.

சீமை எலி முதலில் மூக்கை மட்டும் நீட்டியது. சாக்கின் ஓரத்தை மோந்தது. பிறகு மெதுவாக நடந்துபோய்க் குழிக்குள் புகுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, உடம்பைத் தளர்த்திப் படுத்தது. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவள் ஒரு கோவா இலையைச் சாக்குக்குள் செருகினாள். இருட்டுவதற்கு முன்னால், கறுக் கறுக்கென்று கடிக்கும் சத்தம் கேட்டது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கொழுந்துக் கறை ஏறிய, வெடித்த விரல்கள். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "சரிங்க, புள்ளைக்குப் பசிக்கும், போறேன்" என்று எழுந்து போனாள்.

அவள் போன பிறகும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு நேரே கொடியில் அவளுடைய சேலை காய்ந்துகொண்டிருந்தது. அவித்து, அலசி, பினாயில் வாசத்தோடு. மூன்று தடவை கேட்டாளே என்று அப்போதுதான் உறைத்தது. நாலு மாதமாக அந்தக் குழந்தை எதற்காக அழுதது என்று எனக்குப் பளிச்சென்று தெரிந்துபோயிற்று.

திங்கட்கிழமை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால் குழந்தையை விட வந்தவளிடம், "நேத்துக் கட்டின சேல இருக்கா?" என்று கேட்டேன். அவள் திரும்பி ஓடி, எடுத்து வந்து கொடுத்தாள். அடுப்புப் புகை, வேர்வை, பால் வாசம். அதையே தொட்டிலாகக் கட்டினேன்.

பத்து மணிக்குப் பால் கொடுக்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எம் புள்ள எங்கங்க? சத்தத்தக் காணோமே?"

"தூங்குது. ஒன் சேலயிலதான்."

தொட்டிலை விலக்கிப் பார்த்தாள். குழந்தை வாயைத் திறந்துகொண்டு அசந்து தூங்கியது. "என்னய மன்னிச்சிரு புள்ள" என்றேன். அது காதில் விழுந்ததோ என்னவோ, அவள் தொட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குடித்தாள். பின் தாழ்வாரத்தில் யாரோ கீரை ஆயத் தொடங்கியிருக்க வேண்டும், வீக் வீக் என்று அங்கே ஒரே ரகளை. அதற்கும் குழந்தை அசையவில்லை.

மறுமாதம் அந்தப் பெண்பிள்ளையின் கடிதம் வந்தது. சாப்பிடுகிறது என்று பொய் இல்லாமல் எழுதினேன். யாரால் சாப்பிடுகிறது என்பதையும் எழுதினேன். அதன்பின் நான் வளர்த்த எத்தனையோ குழந்தைகள் தாயின் வாசத்தில் தூங்கியிருக்கின்றன என்றால், அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியது நான் அழுக்கி என்று திட்டிய அந்த ஒருத்திக்குத்தான்.

அந்தத் திங்கட்கிழமை கங்காணியின் விசில் கேட்டதும் அவள் எழுந்தாள். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. நான் குழந்தையை எடுக்கக் கை நீட்டினேன். அவள் என் கையைத் தடுத்தாள்.

"பால் கட்டிக்கிட்டு நெஞ்சு வலிக்குதுங்க. இருந்தாலும் எழுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள்.