சிலுப்பாத கிடா

அண்ணனூர் ரயில் கார் ஷெட்டில் வேலை கிடைத்தால் கிடா வெட்டுவதாகப் பொன்னியம்மனுக்கு வேண்டிக்கொண்டவர் நாகப்பன். வேலையும் கிடைத்தது. ஆடி மூன்றாம் ஞாயிறு சாயங்காலம் வெட்டு என்று நாளும் குறித்துவிட்டார். நேர்ந்துவிட்ட கிடாவோ தாயில்லாக் குட்டி. அவர் மனைவி வேம்புலியம்மாள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. அதைக் கொடுக்க அவளுக்கு மனசே இல்லை. சாமி காரியத்தில் வேண்டாமென்று வாயைத் திறக்க முடியுமா?

அந்த ஆடி பிறந்ததும் கால்நடை டாக்டர் பார்த்தசாரதி அண்ணனூருக்கு வந்தார். அவள் பட்டியிலிருக்கும் பெட்டை ஆடுகளுக்கு மருந்து தோய்த்த பஞ்சை உள்ளே வைத்து, சில நாள் கழித்து உருவினால் எல்லாம் ஒன்றாகப் பருவத்துக்கு வருமாம். அப்போது சினை ஊசி போட்டால் மழைக்காலம் கழிந்து, மார்கழியில் மொத்தமாக நல்ல சாதிக் குட்டிகள். வேம்புலியம்மாள் தலையாட்டினாள். வைத்த பஞ்சை மூன்றாம் ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை எடுத்தார்.

“ஞாயித்துக்கிழமை காலையில ஊசி. அதுவரைக்கும் கிடாவைக் கட்டி வைம்மா.”

“சாமிக்கு உட்டத கயிறு போட்டுக் கட்டக் கூடாது சார்.”

“அப்ப பட்டியையாவது நல்லா மூடு.”

மூடத்தான் செய்தாள். முள்படல் அந்தக் கிடாவுக்கு ஒரு பொருட்டா? சனிக்கிழமை தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினால் பட்டிக்குள் நிற்கிறது. அத்தனை பெட்டைகளும் ஒரே நாளில் பருவத்துக்கு வந்தால் ஒற்றைக் கிடா பாவம், என்னதான் செய்யும்? பொழுது சாயும்வரை ஓயவில்லை. விரட்டி விரட்டி அவள்தான் ஓய்ந்தாள்.

மறுநாள் டாக்டர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, ஊசி போடாமலே போய்விட்டார்.

சாயங்காலம் கோயிலில் கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அது உடம்பைச் சிலுப்பினால்தான் அம்மன் உத்தரவு கொடுத்ததாக அர்த்தம், பிறகுதான் கத்தி. கிடா சிலுப்பவில்லை. இன்னொரு சொம்பு ஊற்றினார்கள். கால் மடங்கிப் படுத்தேவிட்டது.

“ஆத்தா இப்ப வாணாங்கிறா நைனா. அடுத்த ஆடிக்குப் பாத்துக்கலாம்” என்றார் பூசாரி. வேம்புலியம்மாள் சந்தோஷம் தாங்காமல் அழுதாள். பக்தி முற்றிவிட்டதென்று பக்கத்திலிருந்தவர்கள் விபூதி பூசிவிட்டார்கள்.

மார்கழியில் ஒரே வாரத்தில் குட்டிகள் விழுந்தன. அத்தனைக்கும் கிடாவின் நெற்றி வெள்ளை.

ஆனிக் கடைசியில் அவளே டாக்டரைத் தேடிப் போனாள்.

“சார், அந்தப் பஞ்சு இந்த வருசமும் கீதா? ஆடி மூணாவது ஞாயித்துக்கு ரெண்டு நாள் முன்னாடி எடுக்குற மாதிரி வெச்சுடுங்க.”

“ஊசியாவது இந்தத் தடவை ஒழுங்கா போட விடுவியா?”

“ஊசி வாணாம் சார். பஞ்சு மட்டும் போதும்.”