ஆறாவதிலிருந்துதான் ஆரம்பம்

அக்தர் பேகத்தோடு வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் யாரும் இல்லை. முயற்சி செய்தவர்கள் உண்டு. ஒரு அதிகாரியின் மனைவி, காலை எட்டு மணிக்கே டிரைவரிடம் வறுத்த மிளகாயைக் கொடுத்தனுப்பி, உடனே அரைத்து வாங்கி வரச் சொன்னார். "மிளகா மூணு மணிக்கு மேலதான். இப்ப அதப் போட்டா, அடுத்து வர்ற அரிசி மாவுல புட்டு அவிச்சுத் துன்றவங்க என்ன ஆவறது? போய் ஒங்க மேடத்துகிட்ட சொல்லு" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். மேடமே காரில் வந்து இறங்கினார். பதில் மாறவில்லை. மூன்று மணிக்கு மறுபடியும் அந்த டிரைவர்தான் வந்தான்.

மெயின் பஜாருக்குப் பின்புறச் சந்தில் அக்தர் பேகத்தின் மாவு மில் இருக்கிறது. பிறந்தது மேல்பட்டாம்பாக்கம், கல்யாணமாகி இங்கே வந்து இருபத்துநான்கு வருஷமாக மில்லில் நிற்கிறாள். கணவர் அப்துல் கபார் பெல்ட் மாற்றுவார், மோட்டாரைப் பார்த்துக்கொள்வார், டப்பாக்களை ஸ்கூட்டரில் வைத்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவார். அரைப்பது முழுக்க அவள்தான். எல்லா மாவட்டத்து ஆட்களும் வேலைக்கு வந்து சேர்ந்த டவுன்ஷிப் இது. திருநெல்வேலிக்காரர்கள் இடியாப்ப மாவுக்கு வருவார்கள், கோயம்புத்தூர்க்காரர்கள் கம்பும் ராகியும் கொண்டுவருவார்கள். யாருக்கு எவ்வளவு நைஸாக வேண்டும் என்று அவள் கைக்குத் தெரியும். எல்லாரும் அவளைக் கூப்பிடுவது பாயம்மா.

இந்தப் பாயம்மாவுக்கு ராக் இசை என்றால் உயிர். நம்ப முடியவில்லையா? நம்பாவிட்டால் போங்கள், அவளுக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

பண்ருட்டியில் ஒரு கேசட் கடையை மூடியபோது கபார் பாய் ஒரு பை நிறையக் கேசட் வாங்கிவந்தார். நாகூர்ப் பாட்டு, சினிமாப் பாட்டு, நடுவில் சாம்பல் நிறக் கொக்குப் படம் போட்ட ஒன்று. அயர்ன் ஹெரான்ஸ் என்ற நான்கு வெள்ளைக்காரர்கள், எழுபதுகளின் ஆட்கள். மில்லில் மாவு படிந்த டேப் ரெக்கார்டரில் அதைப் போட்டாள். மோட்டார் ஓடும்போது டிரம்மும் பேஸ் கிட்டாரும் மட்டும் சத்தத்தைத் துளைத்துக்கொண்டு வந்தன. மோட்டாரை நிறுத்தியதும் பாடுகிறவன் குரல் வெளியே வந்தது. வருஷக்கணக்காக அந்த ஒரே கேசட்தான் ஓடியது.

"என்னா பாட்டு அது, எவனோ சண்டைக்கு வர்ற மாதிரி?" என்று கபார் பாய் கேட்பார்.

"அவன் என்னா சொல்றான்னு எனக்கும் தெரியாது. ஆனா எதையோ வுட்டுக்குடுக்க மாட்டேன்றான். அது போதும் எனக்கு" என்பாள்.

கேசட் நைந்து அறுந்தபோது, சென்னையில் வேலை பார்க்கிற மகள் ஷமா போனில் அதே பாட்டுகளைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அந்தக் குழு போட்டவை மொத்தம் பதினோரு ஆல்பம். இவள் கேட்டது ஆறாவது. "பதினொண்ணா! இத்தினி நாளா ஒத்தத் தட்டுச் சோத்த வச்சிக்கினு விருந்துன்னு நெனச்சிக்கினு இருந்தேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மிச்சம் பத்தையும் அவசரமில்லாமல் கேட்க வேண்டும் என்று ஆசை. ரம்ஜான் போகட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனாள். அங்கேதான் தப்பு செய்தாள்.

பாட்டை நிம்மதியாகக் கேட்கவென்று சிவக்குமாரின் செல்போன் கடையில் ஒரு இயர்போன் வாங்கினாள். நாலே நாளில் திருப்பிக் கொண்டுபோனாள். "சில்லுசில்லுன்னு பித்தளத் தட்டுல அடிப்பான் பாரு, அது வரல. டூப்ளிகேட்ட என் தலைல கட்டிட்ட." வேறு கொடுத்தான். அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவதும் வந்தபோது சிவக்குமார் அதைத் தன் காதில் வைத்துக் கேட்டான்.

"நல்லாத்தான்க்கா இருக்கு. தட்டு சத்தம் கணீர்னு கேக்குதே."

அக்தர் பேகம் அப்படியே நின்றாள். கோளாறு இயர்போனில் இல்லை என்று அந்தக் கடை வாசலில்தான் புரிந்தது. "மன்னிச்சுக்கப்பா" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் வாழ்நாளில் கேட்ட இரண்டாவது மன்னிப்பு அது. முதலாவதை யாரிடம் கேட்டாள் என்று கபார் பாய் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கடலூரில் ஒரு காது டாக்டரிடம் போனார்கள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் அமுக்கினாள். பிறகு பட்டனைப் பிடித்தபடி வெகுநேரம் காத்திருந்தாள். கதவைத் திறந்தபோது, "அடுத்தது எப்பங்க போடுவீங்க?" என்று கேட்டாள். சோதனை முடிந்திருந்தது.

"வலது காது பெரும்பாலும் போச்சும்மா" என்றார் டாக்டர். "இடது காதுல மெல்லிசான சத்தம், உச்சத்துல வர்ற சத்தமெல்லாம் போயிடுச்சு. கனமான சத்தம் மட்டும் மிச்சம் இருக்கு. காதுக்குப் பாதுகாப்பு இல்லாம மில்லுல நின்னா அதுவும் போயிடும். காதுல மெஷின் வெச்சா பேச்சு புரியும். பாட்டு பழையபடி கேக்கும்னு என்னால சொல்ல முடியாது."

"எத்தினி நாளைக்குங்க தாங்கும்?"

"அதைச் சொல்ல முடியாதும்மா. ரெண்டு வருஷமோ, பத்து வருஷமோ."

திரும்பி வரும்போது பஸ் மேல்பட்டாம்பாக்கத்தில் நின்றது. பிறந்த ஊரை எட்டிப் பார்க்காமல் அவள் போனதே இல்லை. அன்று தலையைத் திருப்பவில்லை. பண்ருட்டி நெருங்கும்போது முக்காட்டுத் துணியால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். கபார் பாய்க்கு மனசு கேட்கவில்லை. "மில்ல வாடகைக்கு வுட்டுடலாம் அக்தரு. நீ வூட்டுல ராணி மாதிரி இரு" என்றார்.

அழுகை நின்றுவிட்டது. "வூட்டுல குந்திக்கினு ஃபேன் சுத்தறத வேடிக்க பாக்கவா? மில்லயும் வுட மாட்டேன், பாட்டயும் வுட மாட்டேன். எது போவுதோ அது போற வரைக்கும் என்கிட்ட சண்ட போட்டுட்டுத்தான் போவணும்."

மறுநாளே வடலூர் போய், மைன்ஸ் ஆட்கள் சத்தத்துக்கு மாட்டுகிற மாதிரி பெரிய காதுமூடி ஒன்று வாங்கி, முக்காட்டின் மேலேயே மாட்டிக்கொண்டு மில்லில் நின்றாள். மோட்டார் ஓடும்போது யாராவது வாயைத் திறந்தால் முறைத்தாள். பஜாரே சிரித்தது. சிரிக்கட்டுமே.

இனி ஒரே கேள்விதான். கேட்காத ஆல்பம் பத்து இருக்கிறது, காது எத்தனை நாள் இருக்கும் என்று தெரியாது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

இதைக் கேட்க ஊரில் ஒருவர்தான் இருந்தார். பாலகுமார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், சுரங்கத்தில் பெர்மனன்ட் வேலை, கம்பு அரைக்க வருவார். ஒருநாள் அவர் பனியனில் அந்தச் சாம்பல் கொக்கு இருந்ததைப் பார்த்துவிட்டாள். கேட்டதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. "பாயம்மா, நீங்க ஹெரான்ஸ் கேப்பீங்களா!" என்றவர், கம்பை மறந்துவிட்டுப் பாடம் எடுக்கத் தொடங்கினார். "கண்ண மூடிட்டு நாலாவதுல ஆரம்பிங்க. அதோட கடைசிப் பாட்டு முடியறப்ப பாடறவன் ஒரு உச்சிக்குப் போவான் பாருங்க, உலகத்துல யாரும் போனதில்லீங்க. அப்புறம் ரெண்டாவது, அப்புறம் அஞ்சாவது. ஆறாவது பக்கம் மட்டும் போயிடாதீங்க. குப்பை. அவனுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆயிருச்சு, மேல பாட முடியல, சும்மா கீழயே முனகி வெச்சிருக்கான். அதக் கேட்டா அந்த குரூப்பையே வெறுத்துருவீங்க."

அக்தர் பேகத்துக்குச் சுருக்கென்றது. ஆனால் இது மாவு விஷயம் இல்லை, அவர் விஷயம் என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கே ஆச்சரியம்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு பாலகுமாரின் குவார்ட்டர்ஸில் கூடிக் கேட்பது வழக்கம், நீங்களும் வாங்க என்றார். கபார் பாயோடு போனாள். ஆறேழு ஆண்கள். ரிட்டயர் ஆன சோமசுந்தரம் நல்ல நாற்காலியில் இருந்தார். பாலகுமாரின் மனைவி தேவயானி காபி கொடுத்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே இவளுக்கு இடம் போட்டாள். நாலாவது ஆல்பம் ஓடியது. டிரம் புதுசாக இருந்தது, பேஸ் புதுசாக இருந்தது. அக்தர் பேகம் கால் தட்டினாள். கடைசிப் பாட்டும் வந்தது. டிரம் நின்றது. பேஸும் நின்றது. பாட்டு முடிந்தது என்று நினைத்து, நல்லாயிருக்கு சார் என்று சொல்ல வாயெடுத்தாள்.

யாரும் அசையவில்லை. பாலகுமார் கண்ணை மூடியிருந்தார். சோமசுந்தரத்தின் முகம் மேலே நிமிர்ந்திருந்தது. அவள் கணவர்கூட, சண்டைக்காரப் பாட்டு என்று கேலி செய்கிற அந்த மனிதர்கூட, வாயைப் பிளந்துகொண்டு ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் எல்லாரும் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு மட்டும் ஃபேன் சத்தம்கூட இல்லை.

"எப்படீங்க பாயம்மா, அந்தக் கடைசி?" என்றார் பாலகுமார்.

சூப்பர் என்று சொல்லியிருக்கலாம். கபார் பாயின் கண் அப்படிச் சொல்லிவிடு என்றுதான் கெஞ்சியது.

"எனக்குக் கேக்கல சார். டிரம் நின்னதுக்கு அப்புறம் ஒண்ணுமே கேக்கல. மில்லுல நின்னு காது போயிடுச்சு. மிச்சம் இருக்கறத எடுத்துக்கினு வந்திருக்கேன்."

"அடடா, பாவம்" என்றார் சோமசுந்தரம். "இதைக் கேக்காம ஹெரான்ஸைக் கேட்டு என்னம்மா பிரயோஜனம்?"

"யாரு சார் பாவம்?" என்று எழுந்துவிட்டாள் அக்தர் பேகம். "பாவம்னு சொல்லத்தான் காபி குடுத்துக் குந்த வச்சீங்களா? ஆறாவதப் போடுங்க."

"அது ஆரம்பிக்கிற எடம் இல்லீங்க" என்று பாலகுமார் இழுத்தார்.

"ஒங்களுக்கு இல்ல. எனக்கு அதான். தொண்டைய அறுத்துக்கினு வந்தவன் வூட்டுல படுத்துக்கினு இருந்திருக்கலாம் இல்ல? யாரு கேட்டா? வந்து நின்னு, இருக்கற குரல வச்சிக்கினு பாடியிருக்கான். அத முனகல்ன்றீங்க, குப்பைன்றீங்க. நீங்க அத எத்தினி வாட்டி முழுசாக் கேட்டிருக்கீங்க சார்?"

பாலகுமார் நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாது. "காலேஜ்ல ஒருக்காங்க. பாதியில நிறுத்திட்டேன்."

"பாதியக் கேட்டுட்டு ஊருக்கெல்லாம் தீர்ப்பு சொல்லிக்கினு இருக்கீங்களே, ஞாயமா இது?"

சமையலறை வாசலில் தேவயானி சத்தமாகவே சிரித்துவிட்டாள். "நல்லாக் கேளுங்க பாயம்மா. எனக்கும் இதே கதைதான், நான் எதையும் முடிக்கறதுக்குள்ள தீர்ப்பு வந்துரும்."

ஆறாவது ஓடியது. அக்தர் பேகம் உட்காரவில்லை. "இப்ப டிரம்ம வுடுங்க, அடியில பேஸ் தனியா நடந்து போவுது பாருங்க... இப்ப அவன் வரப் பாக்கறான், வர முடியல... தோ, வந்துட்டான்" என்று ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நாற்பது நிமிஷம். போனை நோண்டிய ஒருவரை முறைத்த முறையில் அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். முடிந்ததும் சோமசுந்தரம் எனக்குப் பிடிக்கலம்மா என்றார், பிடிக்கலன்னா போங்க என்றாள். பாலகுமார் பாட்டுப் பட்டியலை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தார். "டிரம்மு அங்கங்க பின்னாடி இழுக்குதுங்க, அதுல மாத்தமில்ல. ஆனா அந்த ஏழாவது பாட்டு... நான் அங்க வரைக்கும் போகவே இல்லீங்களே" என்றார். பிறகு, "சரி, உங்க வரிசையில அடுத்தது எதுங்க?" என்று கேட்டார்.

"நாலாவது. அந்தக் கடைசிப் பாட்டு."

"அது உங்களுக்கு..." என்றார் பாலகுமார்.

"கேக்காது. தெரியும். டிரம் நின்னதும் அவன் மேல போறான் இல்ல? அவன் பாட ஆரம்பிச்சதும் நீங்க கையத் தூக்குங்க. எப்ப முடிக்கறானோ அப்ப எறக்குங்க. எங்கிட்டேர்ந்து போனது எம்மாம் பெருசுன்னு நான் பாக்கணும். பாக்காம வுட்டுக்குடுக்க மாட்டேன்."

"வேணாம் அக்தரு" என்றார் கபார் பாய்.

"நீங்க சும்மா இருங்க."

பாட்டு ஓடியது. டிரம் நின்றது. பேஸ் நின்றது. அவளுக்கு எல்லாம் நின்றது. பாலகுமார் கையைத் தூக்கினார். அக்தர் பேகம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை, துடைத்தால் கை இறங்குவதைத் தவறவிட்டுவிடுவாள். கொஞ்ச நேரத்தில், யாரும் சொல்லாமலே, சோமசுந்தரமும் கையைத் தூக்கினார்.

"அடப்பாவி! இன்னுமா வுடல அவன்?" என்றாள் அக்தர் பேகம்.

இரண்டு கையும் மேலேயே இருந்தன.