பத்தாவது மாடி ஆன்டி ஏன் வரவில்லை?

கண்கலங்கி எழுதிய பக்கத்தைப் படித்துவிட்டு, "இதுக்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மேல்மாடியில், வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்பு படிப்பவர்களுக்குக் கட்டுரை எழுதச் சொல்லித் தருகிறேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் தோழர்களே, புஷ்பா அக்கா கதையைக் கேளுங்கள், கொஞ்சம் தெம்பு வரும்.

ரசீது இல்லாத கஷ்டம்

புஷ்பா அக்கா என்னைவிட மூத்தவர். கிள்ளானில் ஒரு லோரி கம்பெனி ஆபீசில் வேலை. படிப்பில் கடைசி செமஸ்டர். மலிவு விலை அடுக்குமாடி வீடுகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை கேட்டிருந்தார்கள். அக்கா சொந்தக் கதையை எழுதிக் கொடுத்துவிட்டார். ஏழாவது மாடி வீடு, அடிக்கடி பழுதான லிப்ட், அரிசி மூட்டையோடு படியேறிய அம்மா, இறந்துபோன அப்பாவை நாலு பேர் படிவழியாகத் தூக்கி இறக்கியது. விரிவுரையாளரோ, "இது நினைவுக்குறிப்பு, ஆய்வு அல்ல" என்று திருப்பிவிட்டார். மறுபடி எழுதித் தேறாவிட்டால் பட்டம் இல்லை என்ற நிலையில்தான் என்னிடம் வந்தார்.

நானும் அவர் சொன்னதையேதான் சொன்னேன். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "எங்கம்மா பட்ட கஷ்டத்துக்கு ரசீது வாங்கி வைக்கலை டீச்சர்!"

'எல்லாரும்' என்றால் யார்?

மறுவாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். 'லிப்ட் இல்லாமல் எல்லாரும் கஷ்டப்பட்டோம்' என்ற வரியில் 'எல்லாரும்' மேல் ஒரு வட்டம் போட்டேன். தரைத்தளத்து வீட்டுக்காரருமா என்று கேட்டேன். அடுத்த வட்டம் இந்த வரிக்கு: 'பத்தாவது மாடி ஆன்டி அப்பா சாவுக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு திமிர்.'

"திமிர்னு எப்படிக்கா தெரியும்?"

"பிளாட்டுக்கே தெரியும் லா."

"பிளாட்டை விடுங்க. அவங்களைக் கேட்டீங்களா?"

கல்யாணமாகி சுங்கை பூலோவுக்குக் குடிபோன பிறகு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர் அக்கா. என்னை ஒரு முறை முறைத்தார். "அப்பா சாவோட அந்தம்மாகூடப் பேச்சை விட்டவ நான். இப்ப மார்க்குக்காக அவங்க வீட்டுக் கதவைத் தட்டணுமா?"

கதவு திறந்தது

தட்டினார். பழைய பிளாட்டுக்குப் போய், மாடி மாடியாக விசாரித்து, பத்தாவது மாடியைக் கடைசியாக வைத்துக்கொண்டாராம். கதவைத் திறந்த ஆன்டி, பெயர்கூடக் கேட்காமல் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போயிருக்கிறார். அப்பா இறந்த வருஷம் ஆன்டிக்கு முட்டியில் ஆபரேஷன். லிப்ட் ஓடாததால் மாதக்கணக்கில் வீட்டோடு இருந்தவர், அன்றைக்கு மேலே வராந்தாக் கம்பியைப் பிடித்து நின்று, அப்பாவை ஏற்றிய வேன் தெருமுனை திரும்பும்வரை அழுதுகொண்டிருந்தாராம்.

இதை என் எதிரில் உட்கார்ந்து சொன்னபோது அக்கா அழவில்லை. பேனாவைத் திறந்து மூடி, திறந்து மூடி, ஆன்டி சொன்னதை அப்படியே சொன்னார்: "நீ என்னை எங்க பார்த்திருப்பம்மா? படியில ஏறி இறங்குனவங்களைத்தானே பார்த்த."

கட்டுரையாளரின் தாயார்

கட்டுரைக்கு அன்றுதான் கேள்வி கிடைத்தது. லிப்ட் நின்றால் படியேறுகிறவர்களின் கஷ்டம் கண்ணில் படுகிறது. இறங்கவே முடியாதவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. அவர்கள் யார், எத்தனை வீடுகளில்? அக்கா சனிக்கிழமைகளில் நூலகத்தில் கிடந்தார். மற்ற ஆய்வுகளைப் படித்து, குடியிருப்பவர்கள் சொன்னதோடு ஒப்பிட்டார். பிறகு ஒரேயடியாகப் பண்டிதராகிவிட்டார். 'நான்' எல்லாம் காணாமல் போய், 'கட்டுரையாளரின் தாயார் அரிசியுடன் செங்குத்தாக இடம்பெயர்ந்தார்' என்று வந்து நின்றது. எனக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

அம்மாவைத் திரும்பக் கொண்டு வரச் சொன்னேன், பல சாட்சிகளில் ஒருவராக. கொஞ்சம் யோசித்தார். பல வருஷமாக நான் வகுப்பில் சுற்றி வளைத்துச் சொல்வதை ஒரே வரியில் முடித்தார். "அப்ப அம்மா வரலாம், ஆனா தனியா வரக்கூடாது. அதானே?"

கடைசி வரிசையில் நான்

கட்டுரையை நேரில் விளக்கும் நாளன்று பார்வையாளர்களையும் உள்ளே விட்டார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முன்பு திருப்பி அனுப்பிய அதே விரிவுரையாளர் கேட்டார்: "இது உங்கள் வீட்டுக் கதையாகத்தான் தொடங்கியது. இப்போது இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" அக்கா தடுமாறவே இல்லை. "நான் தப்பா நினைச்ச இடத்தில இருக்கேன் சார். அங்கருந்துதான் ஆய்வு ஆரம்பிக்குது." அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முன்வரிசையில் யாரோ கைதட்ட, அறையே தட்டியது. நான் எழுந்து நின்று தட்டினேன்.

அந்த வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அக்காவுக்குத்தான். அடுத்த செமஸ்டரில் அந்த விரிவுரையாளர் அக்கா கட்டுரையைப் புது மாணவர்களிடம் காட்டி இப்படிச் சொன்னாராம்: "முதலில் நன்றாக அழுது எழுதுங்கள். பிறகு புஷ்பா மாதிரி எழுந்து போய்க் கேளுங்கள்."

நம் தொழிலில் வெற்றி என்றால் இதுதான் தோழர்களே, நம் மாணவர்கள் பட்டம் வாங்கப் போகும் நாளில் நாம் இன்னொரு மாணவர் தன் மாமியாரைப் பற்றிக் கண்கலங்கி எழுதிய பன்னிரண்டு பக்கங்களோடு உட்கார்ந்திருப்போம்.