இரண்டு இடது ஷூ

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். வெயிலில் வெந்துகொண்டே பாறைகளை அண்ணாந்து பார்க்கும் வெள்ளைக்காரர்களைக் கண்டு சின்ன வயதில் நிறையச் சிரித்திருக்கிறேன். ரோமில் அதே மாதிரி நான் அண்ணாந்து நின்றபோது அந்த ஊர்க்காரர் யாரும் சிரிக்கவில்லை. பழகிப்போயிருக்கும்.

அங்கே வேலை பார்க்கும் மகளுக்கு ஒரு நாள்தான் லீவு. அந்த நாளில் போப்பாண்டவரின் பெரிய கோயிலைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சுவரில் அதன் படம் தொங்குகிறது. ஆனால் அவளுக்கு இடது குதிகாலில் வலி. அதற்காகவே செங்கல்பட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, மெத்தென்று ஒரு ஷூ வாங்கியிருந்தோம். அது இல்லாமல் நூறடி நடக்கமாட்டாள்.

வழியில் ஒரு சின்ன மாதா கோயில். வாசலிலேயே ஷூவைக் கழற்றினாள்.

"அம்மா, இங்க யாரும் கழட்ட மாட்டாங்க," என்றாள் மகள்.

"கழட்டாதவங்க போவட்டும். மாதா முன்னால நான் ஷூவோட நிப்பேனா?"

பக்தியால் அல்ல, புருஷன் என்ற முறையில் நானும் கழற்றினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஊர்த் திருவிழாக்களில் செருப்பைப் பறிகொடுத்துக் கற்ற வித்தை ஒன்று என்னிடம் உண்டு. ஜோடியைப் பிரித்து வைத்தால் திருடன் தொடமாட்டான். இரண்டு இடது ஷூக்களைத் தூணடியிலும், இரண்டு வலதுகளைப் படிக்கட்டின் மறுமுனையிலும் வைத்தேன்.

உள்ளே கூரை முழுக்கத் தேவதூதர்கள். நான் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னாங்க, கழுத்து சுளுக்கிக்கிச்சா?" என்றாள் மனைவி.

தேவதூதர்களுக்கும் வெறுங்கால்தான். எங்கே கழற்றி வைத்தார்களோ.

வெளியே வந்தால் வலதுகளைக் காணோம். படி கூட்டிக்கொண்டிருந்தவரிடம் மகள் விசாரித்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினாள்.

"ஜோடி சேராத ஷூ, எவனோ தூக்கிப் போட்டதுன்னு நெனச்சிட்டாராம்பா. குப்பை வண்டியும் போயிடுச்சாம். ஜோடியா இருந்தா எடுத்து வெச்சிருப்பேன்றாரு."

"ஊர்ல திருடனுக்கு பயந்தோம். இங்க யோக்கியன் வாரிட்டான்," என்றாள் மனைவி.

கடை தேடிப் போனால் பெரிய கோயிலைச் சாத்திவிடுவார்கள் என்றாள் மகள். மனைவி தூணடிக்குப் போனாள். இடது காலில் தன் ஷூவை மாட்டினாள். வலது காலில் என் இடது ஷூவை நுழைத்து, இடைவெளியில் என் சாக்ஸ் இரண்டையும் திணித்தாள். வலி இருந்த காலுக்கு மெத்தென்ற ஷூ மிஞ்சியதால் நடந்துவிட்டாள். நான் வெறுங்காலோடு பின்னால் போனேன். அந்த நகரத்துக் கற்களைப் பற்றி என் பாதத்துக்கு இப்போது நிறையத் தெரியும்.

பெரிய கோயில் வாசலில் இரண்டையும் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"ஜோடியா புடிச்சிக்கினு இங்கியே நில்லுங்க. எங்கியும் வெக்காதீங்க."

அம்மாவும் மகளும் உள்ளே போனார்கள். சூடு தாங்காமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடி, வெளியிலிருந்தே முழுக்கப் பார்த்து முடித்தேன். குறையொன்றும் இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பதும் வெளிப்பக்கத்துப் படம்தான்.