மகன் பேரில் உட்கார்ந்தவள்

மருந்துக்கடை அம்மா பிரெஞ்சு வகுப்புக்குப் படியேறியது படிக்க அல்ல, சண்டை போட. மகன் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்காமல் இறங்குவதில்லை என்று கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினாள். வெளிநாட்டு வேலைக்குப் பிரெஞ்சு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று சேர்ந்தவன் அந்தப் பிள்ளை. மூன்றாம் நாளோடு முழுக்குப் போட்டுவிட்டான். கேட்டால், "வாய்ல நுழைய மாட்டேங்குதும்மா" என்றான். அவன் வாயில் நுழையாத பொருள் ஒன்று உலகத்தில் இருப்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

பல் டாக்டர் கிளினிக்கின் மேல்மாடியில் நீளமான ஓர் அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், பாதி அழிந்த வெள்ளைப்பலகை, கீழேயிருந்து யாருடைய பல்லையோ குடையும் சத்தம். ஆசிரியைக்கு அவள் மகன் வயதுதான் இருக்கும். பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பணத்தைத் திருப்பித் தருவீங்களா, மாட்டீங்களா?" என்று வாசலிலிருந்தே ஆரம்பித்தாள் நம் ஆள்.

ஆசிரியை திரும்பிச் சிரித்தாள். "போன்ஜூர், மதாம்."

"உங்களைத்தான் கேக்கறேன். பையன் மூணு நாள்தான் வந்தான்."

"போன்ஜூர், மதாம்" என்று அதே சிரிப்போடு மறுபடியும் சொல்லிவிட்டு ஆசிரியை காத்திருந்தாள். பிறகு, இவள் முறைத்த முறைப்பைப் பார்த்து இறங்கி வந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இந்த அறைக்குள்ள ஒரு பழக்கம். முதல்ல வணக்கம், மத்ததெல்லாம் அப்புறம். அந்த ஊர்ல கடைக்குப் போனாலும் சரி, பஸ் ஏறினாலும் சரி, இப்படித்தான். வணக்கம் சொல்லாம ஒண்ணு கேட்டா, எதிர்ல நிக்கறது மனுஷங்கன்னே நினைக்காம கேட்ட மாதிரி."

அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. நேற்றுப் பிறந்த பெண் தனக்கு மரியாதை சொல்லிக்கொடுப்பதா? ஏறின வேகத்திலேயே இறங்கிவிட்டாள். பணம் கேட்க வந்ததே வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் வேலை பார்க்கும் கடையில் நின்றபோதும் அந்தக் கோபம் ஆறவில்லை. காதில் போனை வைத்திருந்த ஒருவர் மருந்துச்சீட்டை மேஜைமேல் விட்டெறிந்து, விரலைச் சொடுக்கினார். அவள் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. மருந்தை எடுத்து, மாத்திரைப் பட்டையைக் கத்தரியால் நறுக்கி, உறையில் போட்டு நீட்டினாள். அப்போதும் பார்க்கவில்லை. கல்யாணமான மறுவருஷத்திலிருந்து அவள் நிற்பது அந்த மேஜைக்குப் பின்னால்தான். எத்தனை ஆயிரம் விரல்கள் சொடுக்கியிருக்கும்! கோபம் ஆசிரியையை விட்டு இறங்கி, மெல்ல நடந்து, சரியான ஆளிடம் போய் நின்றது.

அன்று மாலை மறுபடியும் படியேறினாள். வாசலில் நின்று, வராத ஒலியை வரவழைத்து, "போன்ஜூர்" என்றாள். பிறகு கேட்டாள்: "என் பையன் நாற்காலி எது?"

ஆசிரியைக்கு மறுப்பில்லை. கட்டிய பணத்துக்கு யாரோ ஒருவர் உட்காரட்டும், பேரைப் பரீட்சைக்கு முன்னால் மாற்றிக்கொள்ளலாம் என்றாள். அதுவரை வருகைப்பதிவில் மகன் பேர்தான். "முசியே" என்று ஆசிரியை அடைமொழியோடு அவன் பேரைப் படிப்பாள், பின்வரிசையிலிருந்து இவள் "ப்ரெஸான்", அதாவது ஆஜர், என்று எழுந்து நிற்பாள். வகுப்பே குலுங்கும். இரண்டே வாரத்தில் அவளுக்கு 'முசியே' என்ற பட்டம் நிலைத்துவிட்டது. ஐயா என்று கூப்பிட்டால் என்ன, அதுவரை கடைக்கு வந்தவர்கள் யாரும் அவளை அம்மா என்றுகூட ஒழுங்காகக் கூப்பிட்டதில்லை.

படிப்பு எளிதாகப் போனது என்று சொன்னால் அது பொய். தொண்டைக்குள் உருளும் அந்த 'ர' வரவே இல்லை. உப்புத்தண்ணீர் வாயில் ஊற்றிக் கொப்பளிக்கிற பாவனையில் குளியலறையில் பழகினாள். "உள்ள என்ன, வாந்தியா?" என்று வெளியே கணவர் பதறுவார். எண்பதுக்கு 'நாலு இருபது' என்று சொல்வதாக ஆசிரியை பாடம் நடத்திய அன்று, "கணக்கை நம்மளையே போட விட்டுட்டாங்களே" என்று வாய்விட்டே அலுத்துக்கொண்டாள். எழுதிய எழுத்தில் பாதியை விழுங்கிவிட்டுப் படிப்பதில் மட்டும் அவளுக்குச் சிரமமில்லை. டாக்டர்கள் எழுதுவதைப் படித்துப் பழகிய கண்.

வீட்டில் கேலி கொடிகட்டிப் பறந்தது. நாத்தனார் வரும்போதெல்லாம், "அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா அண்ணி?" என்பாள்.

"வளையாட்டி போகட்டும். நிமிந்தே இருந்துட்டுப் போறேன்" என்பாள் முசியே.

கடையிலும் வேலையைக் காட்டினாள். வருகிறவர்களுக்கு முதலில் தானே வணக்கம் சொல்லுவாள், பதிலுக்கு நிற்பாள். சிலர் வெட்கப்பட்டுச் சொன்னார்கள். சிலர் முறைத்தார்கள். ஒருவர் முதலாளியிடமே போய்விட்டார்.

"வர்றவங்ககிட்ட வணக்கம் கேட்டு வாங்கறியாமே? நீ என்ன கலெக்டரா?" என்றார் முதலாளி.

"வலியோட வர்றவங்ககிட்ட இல்லைங்க. போன்ல பேசிக்கிட்டே விரலைச் சொடுக்கறவங்ககிட்ட மட்டும். நான் வேலைக்கு வந்திருக்கேன், தண்டனைக்கு வரலை. வேண்டாம்னா சொல்லுங்க, கத்தரியை வச்சிட்டுப் போறேன்."

எந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது என்று முதலாளிக்கே தெரியாது. கல்லாவை எண்ணப் போய்விட்டார்.

முதல் நிலை முடியப்போகிற வாரத்தில்தான் வில்லங்கம் வந்தது. பரீட்சை எழுதுகிறவர்கள் பேரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆசிரியை சொல்லியிருந்தாள். அதே வாரம் மகன் சந்தோஷமாக வீட்டுக்குள் நுழைந்தான். அவன் கம்பெனியின் வெளிநாட்டுக் கிளைக்கு ஆள் எடுக்கிறார்களாம். ஆரம்பநிலைப் பிரெஞ்சு முடித்ததற்குச் சான்றிதழ் காட்டினால் போதுமாம்.

"வருகைப்பதிவுல என் பேர்தானேம்மா இருக்கு? ஒரு நாள் விடாம போயிருக்க. பரீட்சை எழுதாட்டியும் வகுப்பு முடிச்சதுக்கு ஒரு சான்றிதழ் தருவாங்க. நீ ஒண்ணுமே பண்ண வேண்டாம். பேரை மாத்தாம, பரீட்சைக்கும் போகாம இரு. அவ்வளவுதான்."

"அங்க போனதும் பிரெஞ்சுல பேசினா என்னடா பண்ணுவ?"

"அதெல்லாம் சமாளிச்சுக்குவேன். உனக்கு எதுக்கும்மா அந்த சர்டிபிகேட்? உனக்கு இது பொழுதுபோக்குதானே?"

அவள் அடுக்களைக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். உண்மையில் பாதி மனம் சம்மதித்துவிட்டது. ஒரே பிள்ளை. காய்ச்சலில் கிடந்தபோது மடியைவிட்டு இறக்காமல் வளர்த்த பிள்ளை. அவன் முன்னேறுவதற்கு ஒரு காகிதம் தடையாக இருக்கலாமா? ஆனால் அந்தப் 'பொழுதுபோக்கு' நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. நாள் முழுக்க நின்று வீங்கிய காலோடு மாடியேறியது பொழுதுபோக்கா? குளியலறையில் தொண்டை புண்ணானது பொழுதுபோக்கா? மகன்மேல் முதல்முறையாக வெறுப்பு மாதிரி ஒன்று வந்தது. அதைக் கண்டு அவளே பயந்துபோனாள். பயந்தாலும் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கி, நேராக மாடியேறி, பேரை மாற்றச் சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் நீதிமன்றம் கூடியது. கணவர், மகன், ஆள் விட்டு வரவழைக்கப்பட்ட நாத்தனார்.

"பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லும்பாங்க. இந்த வீட்டுல பெத்த மனம்தான் கல்லு" என்று நாத்தனார் ஆரம்பித்துவைத்தாள்.

மருந்துக்கடை அம்மா கணவர் பக்கம் திரும்பினாள். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். "ஏங்க, உங்க பஸ்ல ஒருத்தர் டிக்கெட்டை இன்னொருத்தர் காட்டினா விட்டுருப்பீங்களா?"

"டிக்கெட் எடுத்தது அவன்டி. அவன் டிக்கெட்டுல ஓசிப் பயணம் போனது நீ" என்றார் அவர். மடக்கிவிட்ட திருப்தி முகத்தில் தெரிந்தது.

"சரி, ஓசிதான். அப்ப என்னை வழியிலேயே இறக்கிவிட்டிருக்கணும். ஏறவே ஏறாதவன் கடைசி ஸ்டாப்ல வந்து நின்னுக்கிட்டு, நான்தான் வந்து சேர்ந்தேன்னு சொல்லக்கூடாது."

கணவர் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டார். மகன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "என் வாழ்க்கைம்மா இது."

"உன் வாழ்க்கைதான்டா. அதான் நீயே படிக்கணும்கறேன். காலை வகுப்புல இடம் இருக்கு, போய்ச் சேரு. தெரியாததை நான் சொல்லித் தரேன், ராத்திரி பகலா உக்காந்து சொல்லித் தரேன். ஆனா நான் படிச்சதைத் தூக்கி உன் சட்டைப் பையில போட முடியாது."

"பெத்த பிள்ளைக்கு ஒரு காகிதத்தை விட்டுக் குடுக்காத தாய் எங்கயாவது உண்டா?" என்றார் கணவர்.

"உண்டு. இதோ, உங்க எதிர்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கா" என்று சொல்லி, மீதிச் சாப்பாட்டையும் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள்.

அந்த வேலைக்கு வேறொருவன் போய்விட்டான். மகன் அவளிடம் பேசுவதை நிறுத்தினான். காலை வகுப்பிலும் சேரவில்லை. அவள் அழுதாள், நன்றாகவே அழுதாள். ஒருவேளை நாத்தனார் சொன்னதுதான் சரியோ என்றுகூட ஒரு நாள் தோன்றியது. மறுநாள் தோன்றவில்லை.

பரீட்சை அன்று யாரும் அவளுடன் வரவில்லை. தானே பஸ் பிடித்துப் போனாள். எழுத்துத் தேர்வு முடிந்து, கடைசியில் வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் வயதானவர். அவள் உள்ளே வருவதற்குள் அவரே வணக்கம் சொன்னார். என்ன வேலை என்று பிரெஞ்சில் கேட்டார். மருந்துக்கடை என்றாள். பிள்ளைகள் உண்டா என்றார். ஒரு மகன் என்றாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. அவர் அதைக் கவனிக்காமல் உபசாரமாக அடுத்ததைக் கேட்டார்: அப்படியானால் உங்கள் மகனும் பிரெஞ்சு பேசுவாரா?

அவள் நாற்காலியில் நிமிர்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். வாக்கியத்தை மனசுக்குள் அடுக்கிப் பார்க்க வேண்டிய தேவைகூட இருக்கவில்லை.

"மோன் ஃபிஸ் நு பார்ல் பா ஃப்ரான்ஸே" என்றாள். என் மகனுக்குப் பிரெஞ்சு தெரியாது. பிறகு அவர் கண்ணைப் பார்த்து, இரண்டே சொல்லில் முடித்தாள். "முவா, வி."

எனக்குத் தெரியும்.