மெரின் போட்ட ஐந்து நட்சத்திரம்

மெரின் டக்வெல், கடையில் புத்தகம் வாங்கும் அழகைப் பார்த்தால், பெண் பார்க்கப் போகிறவர்கள்கூடத் தோற்றுவிடுவார்கள். பின்னட்டையைப் படிப்பாள். எழுதியவர் யார், எந்த ஊர் என்று பார்ப்பாள். பிறகு நடுவில் திறந்து, நின்றபடியே நாலு பக்கம் படிப்பாள். பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு வெறுங்கையோடு கிளம்புவாள், கூச்சமே கிடையாது. "மெரின், வீட்ல போய்ப் படிக்கவும் கொஞ்சம் மிச்சம் வையேன்" என்று கடைக்காரி இனேஸ் கிண்டல் செய்வாள்.

அதே மெரின் இணையத்தில் வேறு ஆள். அட்டை அழகாக இருந்து கீழே நட்சத்திரங்கள் மின்னினால் போதும், விரல் தானாகப் பொத்தானை அழுத்திவிடும். அதோடு விட்டாலும் பரவாயில்லை. பெட்டி வாசலுக்கு வந்த அன்றே தன் பங்குக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுவாள். சொன்ன நாளில் வந்ததே, மூலை நசுங்கவில்லையே, அதற்கு நன்றி சொல்ல வேண்டாமா? படிப்பதெல்லாம் பிறகுதான். காட்டுக் காளான் பறிப்பது பற்றிய புத்தகமும் அப்படித்தான் வந்தது. அட்டையில் ஒரு கூடை நிறையக் காளான். "அருமை. நம்பி வாங்கலாம்" என்று தன் முழுப்பெயரில் எழுதிவிட்டு, பிரிக்காமலேயே அலமாரியில் செருகினாள்.

கான்பெராவில் ஏப்ரல் மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு டூகல் அதே புத்தகத்தைக் கையில் பிடித்தபடி வேலியோரம் வந்து நின்றார். ஓய்வுபெற்ற பிளம்பர். போன வருஷக் கடைசியில்தான் வடக்கே கெய்ர்ன்ஸ் நகரிலிருந்து குடிவந்தவர்.

"உன் பேரப் பாத்துத்தான் வாங்கினேன், மெரின்."

"என் பேரையா?"

"நெட்ல அதுக்குக் கீழ எழுதியிருந்தியே. முன்னப்பின்ன தெரியாத பத்துப் பேரு சொல்றதும் நீ ஒருத்தி சொல்றதும் ஒண்ணா? கடையில புத்தகத்தப் பிழிஞ்சு பாத்து வாங்குற ஆளாச்சே நீ!" அவர் அட்டையைக் காட்டினார். "இதோ, இந்த வெளிர்பச்சத் தலக்காரன், நம்ம தெருமுனை ஓக் மரத்தடியில கூட்டமா நிக்கிறான். மத்தியானம் எம் பொண்ணு இமோஜன் வர்றா. வெண்ணெயில வதக்கி டோஸ்ட் மேல போடப் போறேன். நீயும் வந்துரு."

"கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றாள் மெரின். தன் பேச்சுக்கும் ஒரு மதிப்பு இருக்கிறதே என்று உள்ளுக்குள் பெருமைதான்.

இனேஸின் கடையில் முன்மேசை மேல் ஒரு காளான் புத்தகம் இருந்தது. மெரின் கைப்பழக்கத்தில் அதை நடுவில் திறந்தாள். வெளிர்பச்சைத் தலை, வெள்ளை மடிப்புகள், அடியில் கிழிந்த பை மாதிரி ஒன்று. கீழே மண்டையோட்டுப் படம், அதன் பக்கத்தில் பெயர்: மரணத்தொப்பி.

அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். இந்த ஊரில் மழைக்குப் பிறகு வானொலியில் எச்சரிப்பார்கள்; புதிதாக வந்த டூகல் கேட்டிருக்க மாட்டார். பெயருக்கு ஏற்ற மாதிரி கறுப்பாக, கண்டாலே அருவருக்கும்படி இருக்கும் என்று நினைத்திருந்தாள். இது அழகாக இருந்தது. தன் புத்தகத்தை எழுதியவர், விஷம் என்றே தெரியாமல், அட்டையில் கூடைக்குள் வைத்திருந்ததும் இதுதான். கடைப் புத்தகத்தில், ஓக் மரத்தடியில் முளைக்கும், வேகவைத்தாலும் விஷம் போகாது, ருசியாக இருக்கும், அன்றைக்கு ஒன்றும் செய்யாது, வலி தொடங்கும்போது ஈரல் கெட ஆரம்பித்திருக்கும் என்று போட்டிருந்தது.

"என்னாச்சு, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?" என்று இனேஸ் கேட்டாள். மெரின் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடினாள். டூகலுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. காரை எடுத்தாள். சிவப்பு விளக்கில் நின்றபோது, இன்னும் வதக்கியிருக்க மாட்டார், இமோஜன் வரட்டும் என்று காத்திருப்பார் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்லப் பயம்தான் கூடியது.

டூகலின் வாசலிலேயே வெண்ணெய் மணத்தது. இமோஜன் அப்போதுதான் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மேசையில் மூன்று தட்டு, மூன்றிலும் காளான்.

"தொடாத! அது விஷம்!" மெரின் தட்டுகளைப் பிடுங்கினாள். "டூகல், நீங்க சாப்பிட்டீங்களா?"

"உப்புப் பாத்தேன்" என்றார் அவர். பிறகு மெதுவாக, "ரெண்டு மூணு வாயி இருக்கும். நல்லா இருந்துது, மெரின்" என்றார்.

ஆஸ்பத்திரியில் விஷத்தை உறிஞ்சும் கரியைக் கரைத்து டூகலைக் குடிக்க வைத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. "வலி வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டீங்க, அது பெரிய விஷயம். ஆனா ஈரல் தாங்குமான்னு ரெண்டு நாளு போனாத்தான் சொல்ல முடியும்" என்றார். டூகலுக்கு ஒரு வலியும் இல்லை. அதுதான் மெரினை இன்னும் பயமுறுத்தியது. இமோஜன் அப்பாவின் காலைப் பிடித்தபடி கட்டிலோரம் நின்றாள்.

நர்ஸ் ஊசியோடு வந்தபோது டூகல் சட்டென்று மெரினின் மணிக்கட்டைப் பற்றினார்.

"சிஸ்டர், என்னைய விடுங்க, மொதல்ல இவளப் பாருங்க. அதே புத்தகம் எனக்கு முன்னாடியே இவகிட்ட இருக்கு. மெரின், மறைக்காதம்மா, எத்தன தடவ சமைச்சுச் சாப்பிட்ட? வயிறு எப்படி இருக்கு?"

நர்ஸ் இவள் பக்கம் திரும்பினாள். "சட்டைக் கைய மடிங்க. ரத்தம் எடுக்கணும்."

மெரின் மடிக்கவில்லை. "நான் சாப்பிடல, டூகல்" என்றாள். "நான் ஒண்ணும் சமைக்கல. அந்தப் புத்தகத்தப் பிரிச்சுக்கூடப் பாக்கல."

"அப்பாடா!" என்றார் டூகல். பயம் விலகித் தலையணையில் சாய்ந்தார். அவளுக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதி மட்டும்தான் அந்த முகத்தில் இருந்தது. மெரின் சொன்னது முதலில் புரிந்தது இமோஜனுக்குத்தான். "அப்ப படிக்காமத்தான் நம்பி வாங்கலாம்னு எழுதினீங்களா?" என்று கேட்டாள்.